தென்காசிப் பக்கம் வரலாம், முதலில் இதைப் படி

அன்புள்ள ஜெயா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் குரலைவிட அம்பத்தூர் ஹாரன் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மகளை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு தென்காசிப் பக்கம் வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், நடுவில் நீயும் வேறு கதைக்குப் போய்விடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ரீல்ஸில் பார்த்த மலை, வயல், தென்னந்தோப்பு எதுவும் பொய்யில்லை. இதை எழுதும்போதே மேகம் மலையில் பாதி வரை இறங்கி நிற்கிறது. ஆனால் அதை நான் நின்று பார்ப்பது காபி குடிக்கிற நேரத்தில்தான். மற்றபடி மோட்டார் தண்ணீர் ஏற்றியதா, நெட் இருக்கிறதா, பிளம்பர் சொன்ன "நாளைக்கு வாரேன்" எந்த நாளைக்கு என்பதிலேயே பொழுது போகிறது.

முதலில் காற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் வீடியோவில் போடுவதில்லை. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது, நாங்கள் இருக்கும் இலஞ்சி செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரிலேயே இருக்கிறது. ஜூன் பிறந்தால் ராத்திரியெல்லாம் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து அடுத்த வயலில் கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி கயிறு போட்டுக் கட்ட வேண்டும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழையும்போது சேலையைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும், அர்ச்சனைத் தட்டு என் கணவர் கையில்தான். சாரல் கொட்டாது, பொடிப்பொடியாக நாள் முழுக்க விழும், கொஞ்சம் வெயில் காட்டும், மறுபடி விழும். அனுபவிக்க சுகம்தான். துணி காயாது, உப்பு ஜாடி தண்ணீர் விடும், பீரோவில் வைத்த தோல் பை பச்சையாகப் பூசணம் பூத்துவிடும். பட்டுச் சேலைகளை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

குளத்தை நிரப்புகிற மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் வந்தால் குற்றால அருவியில் வெறும் பாறை தெரியும், வெயில் சென்னைக்குக் குறைவில்லை. நடுநடுவே கோடை மழை திடீரென்று மலைமேல் கொட்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஒரு நிமிஷத்தில் வெள்ளம் இறங்கி ஒரு பள்ளிப் பையன் போய்விட்டான். உள்ளூர்க்காரர்கள் மேலே மேகம் கறுத்தால் அருவிப் பக்கமே போவதில்லை, நீயும் மகளிடம் இதைச் சொல்லித்தான் கூட்டி வர வேண்டும்.

வீடு பார்ப்பதென்றால் குற்றாலத்துக்குள்ளேயே பார்க்காதே. சாரல் விழுந்து அருவிக்குக் கூட்டம் வருகிற சீசன் மாதங்களில் நாள் வாடகைக்கு விட்டால் வருகிற பணத்துக்கு முன்னால் உன் மாச வாடகை வீட்டுக்காரருக்குப் பெரிதாகத் தெரியாது. சீசன் முடிந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்துவிடுவார்கள், தை வரைக்கும் அந்தக் கூட்டம். இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பண்பொழி இந்த நாலில் தேடு. செங்கோட்டை என்றால் மெயின் ரோட்டை ஒட்டி வேண்டாம், புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லியும் எம் சாண்டும் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) ஏற்றிப் போகிற லாரிகள் ஓயாது, வீட்டுக்குள் புழுதி. இங்கே வாடகை மட்டுமில்லாமல் ஒத்திக்கும் வீடு கிடைக்கும், மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வர வேண்டும். அந்த "வர வேண்டும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, எவ்வளவு நல்ல மனுஷர் என்று யார் சொன்னாலும் சரி.

நிலம் வாங்குகிற யோசனையை ஒரு வருஷம் பரணில் போட்டுவை. நீ வந்து இறங்கியதுமே புரோக்கர்கள் மலை தெரிகிற மனை என்று காட்டுவார்கள். அது டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்புத் துறை, அங்கீகாரம் உள்ள மனையா, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா, பக்கத்துக் குளத்துப் புறம்போக்கு உள்ளே வருகிறதா, வில்லங்கம் முப்பது வருஷத்துக்குச் சுத்தமா, எல்லாம் பார்க்கணும். அடிவாரத்துக் கிராமங்களில் சில மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகின்றன, அங்கே வீடு கட்டத் தனியாக அனுமதி வேண்டும். யானைக்கு அனுமதி வேண்டாம், அது வடகரை, மேக்கரைப் பக்கம் தோப்புக்குள் இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். மலை எவ்வளவு அழகாகத் தெரிகிறதோ அவ்வளவு கிட்டத்தில் காட்டுப்பன்றி இருக்கிறது என்று வைத்துக்கொள்.

அப்புறம் மனிதர்கள். சென்னையில் பணம் கொடுத்தால் ஆப்பில் ஆள் வருவான், பேர்கூடத் தெரிய வேண்டாம். இங்கே ஆள் தெரியாமல் ஒரு குழாய்கூடச் சரியாகாது. எங்கள் வீட்டு மோட்டார் எரிந்தபோது எலக்ட்ரீஷியன் போனையே எடுக்கவில்லை. அடுத்த வீட்டு ஆச்சிதான் போன் போட்டு, "ஏலே, இது நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி, சாயங்காலத்துக்குள்ள வந்து பாரு" என்றார். நாலு மணிக்கு வாசலில் நின்றான். அந்த ஆச்சி தயவு எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் நாலைந்து பேர் சிவப்பு அட்டை நோட்டோடு வந்தார்கள். சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி. என்ன வரி, எதற்கு நாம் கொடுக்க வேண்டும் என்று அவர் உள்ளே என்னிடம் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே ஆச்சி நடைக்கு வந்து, "குடுத்துருங்க தம்பி, அப்பந்தான் தெருவுல உங்க பேரு ஏறும்" என்றார். கொடுத்தோம். நோட்டில் அவர் பேரை எழுதி, இன்னார் வீட்டில் குடியிருப்பவர் என்று பக்கத்தில் போட்டார்கள். கொடை நடந்த நாட்களில் விடிய விடிய வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும், எங்கள் தெருமுனையிலேயே குழாய் ஸ்பீக்கர், ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடையில் கடன் சொல்ல முடிந்தது, பால்காரர் நேரத்துக்கு வந்தார்.

இதிலேயே எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். "உங்களுக்குச் சொந்த ஊரு எது?" என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" என்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்று உனக்கே தெரியும். வீடு கொடுக்கும்போதும் இதே கேள்விதான். நான் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அது எப்போதும் பலிக்காது.

செலவு குறையுமா என்று கேட்டாய். வாடகை சென்னையில் பாதிகூட இல்லை. பாவூர்சத்திரம் சந்தைக் காய் பசேலென்று வரும், ஓணத்துக்கு முந்தின வாரம் மட்டும் எல்லாம் கேரளாவுக்குப் போவதால் விலை ஏறிக்கிடக்கும். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் மொய் இருக்கிறதே! தெரு முழுக்கப் பழகிவிட்டால் கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு, காதுகுத்து எதையும் விட முடியாது. ஆவணி, தை முகூர்த்தங்களில் வாடகையில் மிச்சம் பிடித்ததை அப்படியே மொய் நோட்டில் எழுதிவிட்டு வருகிறோம்.

வேலைக்கு நெட் போதும். ஸோகோ மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனியே இங்கே மத்தளம்பாறையில் இருந்து நடக்கும்போது உனக்கு ஏன் நடக்காது என்று உன் தம்பி சொன்னானாம், சரிதான், ஆனால் அவர்களுக்கு ஜெனரேட்டர் இருக்கும், உனக்கு இன்வெர்ட்டர்தான். ஃபைபர் ஒன்று, மொபைல் டேட்டா வேறு கம்பெனியில் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள். ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை கேபிள் மேல் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையில் கரண்ட்டை எடுத்தால் மதியம் தாண்டித்தான் வரும், முதல் நாளே அறிவிப்பு வந்துவிடும் என்பதால் சமாளிக்கலாம்.

எனக்குத் தயக்கம் உன் அம்மாவை நினைத்துத்தான். ஸ்டென்ட் வைத்த உடம்பு. காய்ச்சல், சுகர், சின்னச் சின்ன விஷயங்களுக்குத் தென்காசியிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தால் பெரும்பாலும் திருநெல்வேலிக்குத்தான் எழுதுவார்கள், 50 கிலோமீட்டருக்கு மேல், நடுராத்திரியில் ரோடு காலியாக இருந்தாலும் ஒரு மணி நேரம். திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்களும் உண்டு, அது மலைப்பாதை, அவசரத்துக்கு ஆகாது. அதனால் வருவதாக இருந்தால் முதலில் திருநெல்வேலியில் ஒரு இதய டாக்டரிடம் அம்மாவைக் காட்டி ஃபைல் போட்டுவிடு, வீடு பார்ப்பது அதற்குப் பிறகு. நீ கார் ஓட்டப் பழகியே ஆக வேண்டும், லைசென்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்திருப்பது போதாது. ஆனால் ஒன்று, அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சம் வராது, ஆச்சி இருக்கிறார். அந்த ஃபிளாட்டில் நாள் முழுக்க டிவியோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் இதையும் தராசில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மகள் விஷயத்தில் ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வந்துவிடு, இல்லையென்றால் பத்து முடியட்டும். சிபிஎஸ்இ பள்ளிகள் விரல்விட்டு எண்ணலாம், நீட் அது இது என்று கோச்சிங் கேட்டால் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். இப்போது அவள் தனியாக மெட்ரோவில் போய்வருகிறாள். இங்கே ஸ்கூட்டியில் யாரோடு நின்று பேசினாள் என்கிற செய்தி அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே உன் காதுக்கு வந்துவிடும். பத்திரம் என்று நீ நினைப்பாய், அவள் என்ன நினைப்பாள் என்று அவளையே கேள்.

சுமதி பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், உனக்குப் பத்திரிகை வந்ததா? எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது.

சரி, முடிவெல்லாம் எடுக்காதே, ஜூலையில் ஒருமுறை வா. டூர் மாதிரி வேண்டாம், லீவும் போடாதே. லேப்டாப்போடு வந்து எங்கள் மாடியில் ஒரு வாரம் உட்கார்ந்து வேலை பார், அம்மாவும் மகளும் கூட வரட்டும், காற்றும் சாரலும் ஆச்சியும் அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் திறக்கும், சீசன் என்பதால் அன்றைக்குக் காலையிலேயே போட்டுவிடு, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேள். செங்கோட்டை வரை வராமல் தென்காசியிலேயே இறங்கு, அவர் காரோடு நிற்பார். வரும்போது மாம்பலத்தில் நாம் வாங்குவோமே அந்தக் கடைக் காபிப் பொடி அரைக் கிலோ வாங்கி வா, சிக்கரி கலக்காதது.

அன்புடன்,
ராஜி