டனீடினிலும் வெலிங்டனிலும் எங்களைத் தாங்கிக்கொண்டவர்களுக்கு

அன்பு உள்ளங்களே,

அயர்லாந்து ரக்பி அணி 2022 ஜூலையில் நியூசிலாந்துக்கே போய், டெஸ்ட் தொடரை (நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களை) 2–1 என்று ஜெயித்துவிட்டது. 1994இல் பிரான்ஸ் செய்ததற்குப் பிறகு, அங்கே போய்த் தொடரை வென்று வந்த அணி வேறு எதுவும் இல்லை. அதில் கடைசி இரண்டு டெஸ்டுகளை மைதானத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கும் என் மகனுக்கும் கிடைத்தது. அதற்குக் காரணமானவர்களில் ஆங்கிலம் படிப்பவர்களுக்குத் தனியே கடிதம் போட்டுவிட்டேன். ஆனால் அவர்கள் செய்ததை நம் மக்களும் அறிய வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

டப்ளினிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளி விடுமுறை மகனுக்குத்தான், நர்ஸ் வேலையில் எனக்கு ஏது விடுமுறை? என் வார்டுத் தோழிகள் தங்களுக்குள் பேசி டியூட்டியை மாற்றிக்கொண்டு, "நீ கிளம்பு, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். வீட்டையும் சின்னவளையும் என் கணவர் பார்த்துக்கொண்டார். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மகன் விளையாடும் கிளப்புக்கு அடுத்த நன்றி. ஜூலை 2, முதல் டெஸ்ட். அங்கே இரவு ஏழு என்றால் இங்கே காலை எட்டு. அந்த நேரத்துக்கே கூடத்தைத் திறந்து, பிள்ளைகளுக்கு டீயும் ரொட்டியும் கொடுத்து, பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டார்கள். ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் 42–19 என்று தோற்றோம். எங்கள் கேப்டன் ஜானி செக்ஸ்டன் தலையில் அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியே போனார். அதற்கு மூன்று நாள் முன்புதான் ஹாமில்டனில் மாவோரி ஆல் பிளாக்ஸிடமும் (மாவோரி வம்சாவளி ஆட்டக்காரர்களின் அணி; நியூசிலாந்தின் தேசிய அணியைத்தான் ஆல் பிளாக்ஸ் என்பார்கள்) 32–17 என்று தோற்றிருந்தோம். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா அம்மா என்று பிள்ளை கேட்டான். அவனுடைய பயிற்சியாளர் அவனைத் தனியே அழைத்து, அயர்லாந்து அணியின் பயிற்சியாளர் ஆண்டி ஃபாரல் ஏன் நாற்பது பேரைக் கூட்டிப் போயிருக்கிறார், டெஸ்டுகளோடு சேர்த்து மாவோரி அணியோடு ஏன் இரண்டு ஆட்டம் வைத்திருக்கிறார் என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்த வருஷம் உலகக் கோப்பை. அடிபட்டுத் தேறி வருவதற்குத்தான் இந்தப் பயணம், பயந்து திரும்புவதற்கு இல்லை என்றார். மறுநாள் கிளம்பினோம்.

இங்கே கோடை, அங்கே நடுக்குளிர்காலம். எங்கள் குளிர் உடுப்பெல்லாம் பெட்டியில். பெட்டியோ வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் தங்கிவிட்டது. மெல்லிய சட்டையோடு டனீடினில் இறங்கியபோது பிள்ளையின் பல் தந்தியடித்தது. விடுதியை நடத்தும் அம்மா எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு கனத்த கோட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் மகனுடையது, கறுப்பு நிறம், மார்பில் வெள்ளிப் பெரணி இலை. எதிரணிச் சின்னம்! என் மகன் தயங்கினான். அவரே சிரித்துக்கொண்டு, இவனுடைய பச்சை ஜெர்சியை வாங்கி அந்தக் கோட்டுக்கு மேலே மாட்டிவிட்டார். கைப்பகுதி இறுகி, தையல் ஓரம் தெறித்துவிடும்போல இருந்தது. அந்தக் கோலத்தில்தான் பிள்ளை 9ஆம் தேதி மைதானத்துக்கு வந்தான். அம்மா, பெட்டி வந்து சேர்ந்ததும் இரண்டு கோட்டையும் சலவை செய்து உங்களுக்கு அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் எங்களைக் காய்ச்சலில் விழாமல் காத்தது நீங்கள்தான்.

ஃபோர்சித் பார் மைதானத்துக்குக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் கூரை. அதனால் காற்றும் மழையும் இல்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே எங்கள் ஆண்ட்ரூ போர்ட்டர் ட்ரை போட்டார், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தார். நாங்கள் இருவரும் குதித்ததில் பக்கத்து இருக்கைப் பெரியவரின் காபி அவர் மடியில் கொட்டியது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "நல்ல ட்ரை" என்றார். எங்கள் கேரி ரிங்ரோஸின் தலையில் மோதியதற்காக நியூசிலாந்தின் ஆங்கஸ் தாவாவோவுக்குச் சிவப்பு அட்டை காட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரோடு அதே அணியின் ஆர்டி சவேயா எதற்கு வெளியே போகிறார்? பெரியவர்தான் விளக்கினார். இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம்மின் முன்வரிசையில் அதற்கென்று பழகியவர்தான் நிற்கலாம். அப்படி ஒருவரை உள்ளே கொண்டுவர வேறொருவர் வெளியேற வேண்டும். அதிகாரிகளின் குழப்பத்தில் சவேயா மறுபடி உள்ளே வரவே இல்லை. தன் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் வெளியே உட்கார்ந்திருக்க, அந்த மனிதர் எனக்கு விதி சொல்லிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

போர்ட்டர் இரண்டாவது ட்ரையும் போட்டார். 23–12. நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணில் அயர்லாந்து வென்ற முதல் நாள் அது. 2012இல் இதே நாட்டில் 60–0 என்று தோற்றதை இன்னும் மறக்காதவர்கள் எங்கள் கிளப்பில் இருக்கிறார்கள். விசில் ஊதியதும் பெரியவர் எழுந்து நின்று என் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐயா, உங்கள் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இந்த மடலை யாராவது உங்களுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

வெலிங்டனில் எங்களைத் தங்கவைத்த தமிழ்க் குடும்பத்துக்கு என்ன சொல்ல? அதுவரை போனில் பேசிய பழக்கம் மட்டும்தான். அண்ணன் ராத்திரியில் விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். அண்ணி சுடச்சுட ரசமும் சோறும் வைத்திருந்தார். 12ஆம் தேதி மாவோரி அணியை 30–24 என்று ஜெயித்ததை அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தோம். அவர்கள் பிள்ளைகள் மூவரும் ஆல் பிளாக்ஸ் வெறியர்கள். இருந்தும் என் மகனுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்கள்.

16ஆம் தேதி வெலிங்டனின் ஸ்கை மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட். பாதியாட்டத்தில் நாங்கள் 22–3 என்று முன்னே. அடுத்து 25–22 என்று நியூசிலாந்து நெருங்கியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ராப் ஹெரிங் ட்ரை போட்டதும்தான் உயிர் வந்தது. 32–22. பண்டீ ஆகி, ஜேம்ஸ் லோ, ஜேமிசன் கிப்சன்-பார்க் மூவரும் நியூசிலாந்தில் பிறந்தவர்கள், அன்று பச்சை ஜெர்சியில் ஆடினார்கள். டப்ளினில் பிறந்து வீட்டில் தமிழ் பேசும் என் பிள்ளை அவர்களை எப்படிப் பார்த்தான் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்புதான் 37 வயது நிறைந்த செக்ஸ்டனுக்கும், அந்த அணியில் ஒவ்வொருவருக்கும், மாவோரி அணியோடு ஆடிய ஆட்டங்களில் அடி வாங்கிய இளையவர்களுக்கும் ஒரு தாயின் நன்றி.

அன்றிரவு அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அழுதார்கள். அழுது முடித்து, பெரியவன் வந்து தன் கறுப்புத் தொப்பியை என் மகனிடம் கொடுத்தான். இவன் பச்சைக் கழுத்துத்துணியைக் கொடுத்தான். அண்ணா, அண்ணி, அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டப்ளினுக்கு வாருங்கள். டியூட்டியை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கட்டிலும் தயார், கிளப்பில் நால்வரும் சேர்ந்து பயிற்சி எடுக்க அனுமதியும் வாங்கியாயிற்று.

நன்றியுடன்,
டப்ளினிலிருந்து ஓர் அம்மாவும் மகனும்