உன் சைட்டில் இருக்கும் சித்தாள்களைப் பற்றி

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து முழுசாகப் படி.

போன மாதம் உன் சைட்டுக்கு வந்தபோது கூலி விவரம் கேட்டேன். கொத்தனாருக்கு 1,100, அவருக்குக் கையாளாக நிற்கும் ஆம்பளை நிமிந்தாளுக்கு 850, பொம்பளை சித்தாளுக்கு 600 என்றாய். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "நானா ரேட்டு வைத்தேன்? மதுரை முழுக்க இதுதான். அதோடு அவர்கள் வேலை வேறம்மா" என்றாய். மதுரை ரேட்டு என்பது சரி. வேலை வேறு என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிமிந்தாள் கலவை போடுகிறான், சாரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறான், சிமெண்ட் மூட்டை தூக்குகிறான். சித்தாள் மணல் சலிக்கிறாள், செங்கல் சுமக்கிறாள், கலவையைச் சட்டியில் வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள், காலையில் சுவருக்குத் தண்ணீர் விடுகிறாள், சாயங்காலம் சிந்தியதை எல்லாம் கூட்டி அள்ளுகிறாள். பெரிய வித்தியாசம் என்று பார்த்தால் அந்த மூட்டைதான். 50 கிலோவை ஒரு தடவை தூக்கி இறக்கினால் அவன் வேலை முடிந்தது. கட்டு வேலைக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலந்தால், அதே மூட்டை மணலும் தண்ணீரும் சேர்ந்து ஏழு மூட்டைக் கனத்துக்கு மேல் ஆகிவிடும். அத்தனையும் யார் தலையில் ஏறுகிறது? நீ படித்தவன், கணக்குப் போட்டுப் பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரே வேலைக்கும் ஒரே மாதிரியான வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. பயிற்சியிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்று 1987-ல் திருத்தமும் போட்டார்கள். இப்போது அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறதாம், சங்கத்தில் சொன்னார்கள். ஆனால் ஆளுக்கொரு பேர் வைத்து, இது வேறு வேலை என்று சொல்லிவிட்டால் எந்தச் சட்டம் கேட்கும்?

உன் அப்பாவும் நானும் ஒரே வருடத்தில், ஒரே மேஸ்திரியிடம்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் நிமிந்தாள், நான் சித்தாள். வேலை முடிந்த பிறகும் அவர் அரை மணி, ஒரு மணி நேரம் நிற்பார். கொத்தனார் கரண்டியைக் கொடுத்து, "பின் சுவரில் இரண்டு வரிசை வைத்துப் பாரடா" என்பார். எனக்கு ஐந்து மணி ஆனால் பஸ்ஸைப் பிடித்து வந்து அடுப்புப் பற்ற வைக்கணும், உன்னைப் பாட்டியிடமிருந்து வாங்கணும். சில வருடத்திலேயே அப்பா கொத்தனார் ஆகிவிட்டார். நான் கடைசி வரைக்கும் சித்தாள்தான். கலவையைக் கையில் அள்ளினாலே மணல் தூக்கலா என்று சொல்லிவிடுவேன். பூச்சுக் கலவைக்குத் தண்ணீர் போதுமா என்று அப்பாவே என்னைத்தான் கேட்பார். அதற்கெல்லாம் கூலி கிடையாது. சனிக்கிழமைக் கூலியையும் மேஸ்திரி இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அப்பா கையில்தான் கொடுப்பார். உன் அப்பா குடிக்காத மனுஷன், பணம் வீடு வந்து சேர்ந்தது. எல்லா வீட்டிலுமா அப்படி?

அப்புறம் மிக்சர் மெஷின் வந்தது. தலைச்சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் மெஷினுக்கு ஆண்கள் நின்றார்கள், பெண்களில் பாதிப் பேருக்கு வேலையே போனது.

ஆம்பளைக்குச் சமமாகக் கூலியை நான் முதன்முதலில் வாங்கியது நம் ஊர்க் கண்மாயில்தான். 2006-ல் நூறு நாள் வேலை முதலில் வந்த மாவட்டங்களில் நம் சிவகங்கையும் உண்டு. ஆம்பளைகள் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள். வெளியே அவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்களாக இருந்ததற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் சைட்டில் நிமிந்தாளுக்கும் சித்தாளுக்கும் நாளுக்கு 250 ரூபாய் வித்தியாசம். அரசாங்கம் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை நீ நாலே நாளில் பிடித்துக்கொள்கிறாய்.

அன்றைக்குக் கீழ் பாத்ரூமில் ஒன்று பார்த்தேன். கொத்தனார் டீ குடிக்கப் போயிருந்தார். சேலைக்கு மேல் நீலச் சட்டை போட்டிருக்குமே ஒரு பெண், அது பூச்சைச் சமமாக்குகிற மணியாசுக் கட்டையை எடுத்துக் கதவோரத்து மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளித்த அளவும் கட்டையைச் சுற்றிய விதமும் பழகின கையாகத் தெரிந்தது. தடவிப் பார்த்தேன், மேடுபள்ளம் இல்லை. கொத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்குப் பூச்சு வேலை கொடு. முதலில் டைல்ஸ் ஒட்டப்போகிற சுவராகக் கொடு. தூக்குக்குண்டுக்குச் சரியாக இருந்தால் போதும், மிச்சத்தை டைல்ஸ் மறைத்துவிடும். பழகுகிற நாளிலேயே நிமிந்தாள் கூலி போடு. கொத்தனார் முறைப்பார், பொம்பளை கையில் கரண்டியா என்பார். ஜார்க்கண்டில் கழிப்பறைத் திட்டத்துக்காகப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கினார்கள், ராணி மிஸ்திரி என்று பேரே வந்துவிட்டது என்று சொல். அதற்கும் மசியாவிட்டால் என்னிடம் போனைக் கொடு.

மற்ற சித்தாள்களுக்கும் நிமிந்தாள் கூலிதான். லாபம் அடிபடும் என்பாய். நாலு சித்தாளுக்கு நாளுக்கு 1,000 ரூபாய் ஏறும், தெரியும். வீட்டுக்காரரிடம் சதுர அடிக்குக் கொஞ்சம் கூட்டிக் கேள். ஹால் டைல்ஸுக்கு மட்டும் அவர் எவ்வளவு கூட்டிக் கொடுத்தார் என்று நீதானே சொன்னாய்?

பொங்கலுக்கு வரும்போது கூலி நோட்டை எடுத்து வா. நான் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா