இடத்தை அளந்த பிறகு வூஃபரை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சப்வூஃபர் (அடித்தாளத்தின் தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) தேர்ந்தெடுப்பது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கார் ஒலியமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அரிது என்பதால் அந்த முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆயினும், டொயோட்டா ஜி.ஆர். 86 காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, முதலில் வசதிக்கேற்ற பெரிய வூஃபரை வாங்குங்கள், பிறகு அதற்குப் பொருந்தும் பெட்டியைச் செய்துகொள்ளலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்த வரிசை தலைகீழானது. ஒலிபெருக்கிப் பெட்டிகளை அளந்து செய்து கொடுப்பதே என் தொழில். ஆகவே இந்த வரிசையை நம்பிப் பணம் போட்டவர்கள் பிறகு எதைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பதை அறிவேன். முதலில் காரின் பூட் எனப்படும் பின்புறச் சாமான் பகுதியை அளக்க வேண்டும். அதில் எத்தனை லிட்டர் இடத்தை விட்டுக்கொடுக்க மனம் இசைகிறது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த லிட்டருக்குள் நன்றாக இயங்கக்கூடிய வூஃபரைக் கடைசியில்தான் தேட வேண்டும்.

கட்டுரை எடுத்துக்கொண்ட காரையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஜி.ஆர். 86-இன் பூட் பகுதி, அளக்கும் முறைக்கேற்பச் சற்றுக் கூடவோ குறையவோ, 200 லிட்டரை ஒட்டிய கொள்ளளவு உடையது. கட்டுரை பரிந்துரைத்தபடி ஒரு 12 அங்குல வூஃபரைப் போர்ட்டட் எனப்படும் குழல் வைத்த பெட்டியில் பொருத்துவதானால், உள்ளே காற்றுக்கு மட்டும் 55 முதல் 60 லிட்டர் வரை தேவைப்படும். குழல் அடைக்கும் இடம், வூஃபரின் பின்பகுதி அடைக்கும் இடம், பலகையின் கனம் ஆகியவற்றையும் கூட்டினால், வெளி அளவில் அது 85 லிட்டரைத் தாண்டும். பூட் பகுதியில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. அதைவிட முக்கியமாக, அத்தகைய பெட்டி அந்தக் காரின் குறுகலான பூட் வாய் வழியாக உள்ளே நுழையுமா என்பதை யாரும் கேட்பதில்லை. உள்ளே இருக்கும் இடத்தை அளந்தால் மட்டும் போதாது. வாயின் அகலத்தையும் உயரத்தையும், மூடி இறங்கும்போது அதைத் தாங்கும் கைகள் எங்கே வந்து அமர்கின்றன என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, வேண்டிய அளவில் ஒரு மாதிரி செய்து, அதை உள்ளே வைத்து மூடிப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்தக் காரின் பூட் பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முதல் தலைமுறை 86 வெளிவந்த 2012-ஆம் ஆண்டிலேயே, பின் இருக்கையை மடித்தால் நான்கு டயர்களை ஏற்றிச் செல்ல இடம் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டதாக டொயோட்டா சொல்லிக்கொண்டது. சிப்பாங் பந்தயத் தடத்தில் வார இறுதியில் ஓட்டுவதற்கென்றே இந்தக் காரை வாங்கியவர்களுக்கு அது வெறும் விளம்பரமாக இருக்காது. மேலும், ஏறத்தாழ 1,270 கிலோ எடையுள்ள இந்தக் காரின் கூரையையும் முன்புற மட்கார்டுகளையும் அலுமினியத்தில் செய்து, உயரத்திலிருந்தும் முன்பக்கத்திலிருந்தும் சில கிலோக்களை வடிவமைப்பாளர்கள் பாடுபட்டுக் குறைத்திருக்கிறார்கள். அதன் பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் 35 கிலோ பலகையையும் காந்தத்தையும் நிரந்தரமாக ஏற்றிவைப்பது, காரை வாங்கிய காரணத்தோடே சண்டை போடுவதாகும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். எனப்படும் அழுத்திய மரநார்ப் பலகையில், வெளி அளவு 40 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு பெட்டி செய்தாலே பலகை மட்டும் 10 கிலோவை ஒட்டி வரும். குழல் வைத்த பெட்டியின் எடையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இடமும் எடையும் ஒருபுறம் இருக்கட்டும். ஒலியைப் பொறுத்தவரையிலும் சிறிய காருக்குப் பெரிய பெட்டி தேவையில்லை என்பதே என் முதன்மையான வாதம். காரின் உட்புறம் வீட்டுக் கூடத்தைப் போன்றது அன்று. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர், ஜி.ஆர். 86-இன் உட்புற நீளமோ அதில் கால் பங்கை ஒட்டியதுதான். அலை முழுதாக விரிவதற்கு இடமில்லாதபோது, வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் அசைவது அந்த மூடிய அறையின் காற்றழுத்தத்தை நேரடியாகக் கூட்டிக் குறைக்கத் தொடங்குகிறது. ஒலியின் வேகத்தை உட்புறத்தின் மிக நீண்ட அளவின் இரு மடங்கால் வகுத்தால், இந்த விளைவு எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே தொடங்குகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 2.2 மீட்டர் நீளமுள்ள உட்புறத்தில் அது 80 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. அதற்குக் கீழே இறங்க இறங்க, காரே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கோட்பாட்டின்படி அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல், நடைமுறையில் கதவு இடுக்குகளிலும் மெல்லிய தகடுகளிலும் கசிந்தது போக அதைவிடக் குறைவு.

இப்போது பெட்டியின் பக்கம் வருவோம். சீல்டு எனப்படும் முற்றிலும் மூடிய பெட்டி, தன் எல்லை அதிர்வெண்ணுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் அதே 12 டெசிபல் அளவுக்குத்தான் சரிகிறது. கார் தூக்குகிறது, பெட்டி சரிகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, 30 ஹெர்ட்ஸுக்கு அருகிலும் காதுக்குச் சமனான ஒலி கிடைக்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் மூடிய பெட்டியை வீட்டு ஒலிபெருக்கிக்காகச் செய்து காட்டியபோது, இந்தக் கூடுதல் நன்மையை எண்ணியிருக்கமாட்டார். குழல் வைத்த பெட்டியோ, தான் சுருதி சேர்க்கப்பட்ட அதிர்வெண்ணின் அருகே ஒலியை எழுப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் விழுந்துவிடுகிறது. அந்த எழுச்சியின் மேல் காரின் எழுச்சியும் ஏறிக்கொள்வதால், சிறிய காரில் 35 முதல் 45 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு உண்டாகி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் குமுறுகிறது. என்னிடம் வருபவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது உறுமி மேளம்தான். உறுமியின் இழுப்பு மேலும் கீழும் வழுக்கிச் செல்வது தெளிவாகக் கேட்டால் பெட்டி சரி. எல்லா இழுப்பும் ஒரே முனகலாகக் கேட்டால், எவ்வளவு செலவழித்திருந்தாலும் பெட்டி தவறு. சுருதிக்குக் கீழே குழல் பெட்டியில் வூஃபரின் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இல்லாமல் போவதால், தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி வைக்காவிட்டால் வூஃபர் தன் எல்லையைக் கடந்து ஓடிச் சேதமடைவதும் உண்டு. பெரிய வேன்களிலும், ஒலியழுத்தப் போட்டிகளுக்குக் கொண்டுபோகும் வண்டிகளிலும் குழல் பெட்டிக்கு உரிய இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கட்டுரை பேசிய கார் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இனி வூஃபர். ஒரு வூஃபர் எந்தப் பெட்டிக்கு ஏற்றது என்பதைச் சொல்வது அதன் அங்குலமும் அல்ல, அது வரும் அட்டைப்பெட்டி மீது அச்சிட்ட வாட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961-இல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்த அளவுருக்கள் ஒவ்வொரு நல்ல வூஃபரின் விவரத் தாளிலும் இருக்கும். மூன்றைப் பார்த்தால் மூடிய பெட்டிக்குப் போதும்: வூஃபரின் இயல்பான அதிர்வெண்ணான எஃப்.எஸ்., அதன் அசைவு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைச் சொல்லும் க்யூ.டி.எஸ்., அதன் கூம்பின் தளர்ச்சிக்கு இணையான காற்றின் கொள்ளளவான வி.ஏ.எஸ். எடுத்துக்காட்டாக, எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 30 லிட்டர் உள்ள ஒரு 10 அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம். வி.ஏ.எஸ்-ஐப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அதை க்யூ.டி.எஸ்-ஆல் பெருக்கினால் அந்தப் பெட்டிக்குள் வூஃபர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும் எண் வரும். 25 லிட்டர் பெட்டியில் அது 0.74, மிகச் சமனான ஒலிக்கு உரிய 0.707-க்கு இது பக்கத்தில் இருக்கிறது. 15 லிட்டராகக் குறைத்தால் 0.87, அடித்தாளம் சற்றுத் தடிக்கும், ஆனால் பலருக்கு அதுவே பிடிக்கும். 10 லிட்டருக்குள் திணித்தால் 1.0 ஆகி, எல்லை அதிர்வெண் 64 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆகவே 15 முதல் 25 லிட்டர் வரை எதை விட்டுக்கொடுக்க முடிகிறதோ அதற்குள் இந்த வூஃபர் வேலை செய்யும். இந்தக் கணக்கைக் கைப்பேசியிலேயே போடலாம். இதைப் போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

12 அங்குலம் வாங்காமல் 10 அங்குலத்தோடு நின்றால் என்ன இழப்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அளவு முன்பின் நகரும் இரண்டையும் ஒப்பிட்டால், 12 அங்குலத்தின் கூம்புப் பரப்பு தரும் மிகுதி ஏறத்தாழ 3 டெசிபல். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும் என்பதை நினைத்தால், அந்த 3 டெசிபலுக்காகப் பூட் பகுதியைத் தாரை வார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பின் இருக்கையில் எப்படியும் யாரும் அமர்வதில்லை. அதை மடித்துவிட்டாலே அடித்தாளம் தடையின்றி முன்னே வரும்.

வாட் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆர்.எம்.எஸ். அளவில், அதாவது தொடர்ந்து தரும் அளவில், 300 வாட் ஒரு 10 அங்குல மூடிய பெட்டிக்குத் தாராளம். கட்டுரையில் சொல்லப்பட்ட 1,500 வாட், ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச அளவாகவே இருக்க வேண்டும். உச்ச அளவைக் கொண்டு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனால் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் 27 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து பூட் பகுதி வரை வரும் அந்தக் கம்பியில், பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கன்று, கம்பி எங்கேனும் உரசித் தகட்டைத் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. கம்பி முழுச் செம்பாக இருப்பதும் நல்லது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கம்பியானால் அதே வேலைக்குத் தடித்த கம்பி தேவைப்படும்.

ஜி.ஆர். 86-க்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். என்ஜின் ஓசையை உட்புறத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கூட்டிக் காட்டும் ஏற்பாடு இந்தக் காரில் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலை எந்தக் கம்பியிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்தச் செயற்கை உறுமலும் சேர்ந்தே சப்வூஃபருக்குள் போகக்கூடும். வண்டியை ஓட்டிப் பார்க்காமல், நிறுத்திய இடத்திலேயே பாட்டைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டியவர்கள், நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் இதை உணர்கிறார்கள்.

பெட்டி செய்யும் பலகையைப் பற்றி ஒரு சொல். எம்.டி.எஃப். பலகைக்கு நான் எதிரியல்லன். அது கனமானது, எளிதில் அதிராதது, வெட்டவும் எளிது. எனினும் நம் நாட்டு ஈரப்பதத்திலும், மழைக்காலத்தில் பூட் ரப்பர் வழியாகக் கசியும் நீரிலும், விளிம்புகள் ஊறிப் பருத்துவிடுகின்றன. மூடிய பெட்டியில் ஒரு மூட்டு விலகினால் அது மூடிய பெட்டியாகவே இராது. 18 மில்லிமீட்டர் மரீன் பிளைவுட் விலை கூடுதல். எடை குறைவு, நீருக்கும் அஞ்சாது. என் கருத்தில் இவ்வகைக் காருக்கு அதுவே ஏற்றது.

பாதுகாப்பைப் பற்றிய இறுதிக் குறிப்பு இது. 20 கிலோ பெட்டியைத் தரைவிரிப்பின் மேல் சும்மா வைத்துவிட்டு ஓட்டுவதைப் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. மோதலில் 20 ஜி, அதாவது புவியீர்ப்பின் 20 மடங்கு, அளவுக்கு வேகம் குறையுமானால், அந்தப் பெட்டி 400 கிலோ எடைக்கு இணையான விசையோடு முன்னே பாயும். அதற்கும் ஓட்டுநருக்கும் இடையே மடியக்கூடிய ஓர் இருக்கை முதுகு மட்டுமே உள்ளது. பெட்டியைத் தகட்டில் பொருத்திய கொக்கிகளோடு நல்ல பட்டைகளால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேடை ஒலிபெருக்கிகளில் பயன்படும் ஸ்பீக்கான் இணைப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டால், கம்பியைத் திருகிக் கழற்றி, பட்டையை அவிழ்த்து, பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நான்கு டயர்களோடு சிப்பாங்குக்குப் போகலாம். உதிரி டயரை எடுத்து வீசிவிட்டு அந்தக் குழியில் வூஃபரைப் புதைக்கலாம் என்ற யோசனையும் கட்டுரையில் இருந்தது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நள்ளிரவில் டயர் வெடித்து நின்றவர் எவரும் அதை ஏற்கமாட்டார்.

இத்தொடரின் அடுத்த பகுதி வெளிவரும்போது, பூட் பகுதியின் வாயையும் உள்ளளவையும் அளக்கும் முறையை ஒரு படத்தோடும், மூடிய பெட்டிக்கான மேற்கண்ட கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஃபியூஸ் பற்றிய குறிப்பை மட்டுமாவது அடுத்த ஞாயிறு வரை காத்திராமல் உடனே வெளியிட வேண்டும். அந்தக் கட்டுரையைப் பார்த்து இதற்குள் கம்பி இழுத்தவர்கள் இருக்கக்கூடும்.

இங்ஙனம்,
ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைக்கும் வாசகர் ஒருவர்,
கிள்ளான்.