அந்த இரண்டாவது கடிதத்துக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

என் முதல் சம்பளம் நேற்று வந்துவிட்டது. கணக்கை மூடிவிட்டு மறுபடி திறந்து, தொகை அங்கேயே இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். வீட்டிலிருந்து வேலை என்ற விளம்பரத்தையும் ஒரு போலி நியமனக் கடிதத்தையும் நம்பிப் பணத்தை இழந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஒரு அக்காவுக்கு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அக்கா என்றே சொல்கிறேன். எனக்கு வந்த பணி நியமனக் கடிதத்தில் இருந்த நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயரையும் லோகோவையும்தான் திருடியிருந்தார்கள். சந்தேகம் வந்த அந்த ராத்திரி, கடிதத்தில் இருந்த முகவரியை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் தேடிப் போய் அங்கிருந்த முகவரிக்கு எழுதினேன். “இது நீங்கள் அனுப்பியதுதானா?” காலையில் அங்கிருந்து அந்த அக்காவின் பதில் வந்தது. “இல்லை. எங்கள் காலியிடங்கள் எங்கள் தளத்தில் மட்டுமே வரும். வேலைக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை.” அவருடைய கடமை அதோடு முடிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்தே இன்னொரு கடிதம். “உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பிழையில்லாமல் சுருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் இப்போது வேலை இல்லை. ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை உங்களுக்குச் சரிவரும் என்று தோன்றுகிறது” என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஏமாந்துவிட்டேனே என்று யார் முகத்தையும் பார்க்க முடியாமல் இருந்த நாள் அது. நான் எழுதிய கடிதத்தில் இவர் என் எழுத்தைப் பார்த்திருக்கிறார். படித்து அழுதுவிட்டேன்.

‘வீட்டிலிருந்து வேலை’ என்று தேடாதீர்கள், மோசடிக்காரர்களும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். டிரான்ஸ்கிரிப்ஷன், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது என்று வேலையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள் என்றார். தேர்வு வைப்பார்கள், அதற்கு முன் அவர்கள் தரும் விதிக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள் என்றார். அப்புறம் இது: சம்பளம் ஒலிப்பதிவின் நிமிடத்துக்கா, நீங்கள் உழைக்கும் நிமிடத்துக்கா என்று கேளுங்கள். தெளிவான ஒலி என்றாலும் ஒரு மணி நேரப் பதிவை எழுத 4 மணி நேரம் ஆகலாம், புதியவருக்கு அதற்கு மேலும் ஆகும். என் முதல் பதிவுக்கு 6 மணி நேரம் ஆனது. அக்கா முன்பே சொல்லியிருந்ததால்தான், எனக்கு இது வராது என்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு எப்போது திருப்பித் தருவாய் என்று ஒருமுறைகூடக் கேட்காதவருக்கு. ஒரு இணையதள முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் தேதியைப் பார்த்து, அந்தப் போலித் தளத்துக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை என்று காட்டிய தம்பிக்கு. அப்வொர்க் போன்ற, வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் தளங்களில் பேச்சையும் பணத்தையும் வெளியே எடுத்துப்போகக் கூப்பிட்டால் விலகிவிடு என்று சொல்லிக்கொடுத்தவருக்கு. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்று ஒருவன் வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்திய தோழிக்கு. அதுவும் அதே வலைதான், இரண்டாவது முறை விரித்தது. அவள் இல்லையென்றால் கட்டியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த விளம்பரத்தை நானே இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் அனுப்பினேன். அவர்கள் பணம் கட்டுவதற்குள் சொல்லிவிட முடிந்தது, ஆனாலும் நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வேலை தேடுகிறவருக்குத் தெரிந்தவரிடமிருந்து ஒரு தகவல் வந்தால், அதைப் பாதி சரிபார்த்த தகவலாகவே எடுத்துக்கொள்கிறார். நான் சரிபார்க்கவே இல்லை. இனி நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் என் கண்ணால் பார்க்காத எந்த வேலையையும் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

சனிக்கிழமை மாலைகளை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். வேலை என்று சொல்லி உங்களுக்கு ஏதாவது வந்தால், பணம் கட்டும் முன், அடையாள அட்டையின் நகலை அனுப்பும் முன் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம். கடிதத்தை முழுதாக அனுப்புங்கள், அனுப்பியவரின் முகவரியும் தெரியும்படி. எனக்கு வந்ததில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு கூடுதலாக இருந்தது.