என் கையைப் பழக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வில்லியனூர் பக்கத்தில் சொந்தமாகக் கொல்லுப்பட்டறை போட்டு உலை மூட்டிவிட்டேன். முதல் பெரிய வேலையான மாடிப்படிக் கைப்பிடிக் கிராதியும் புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டில் பொருத்தியாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் "இதையெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஐயாவுக்கும் ஆயாவுக்கும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலை படித்துவிட்டு, இரும்பில் வேலை செய்ய வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவளைப் பட்டறைக்குள் விட்டவர்கள் அவர்கள். அதுவரை எனக்குத் தெரிந்த இரும்பு வேலை என்றால், கம்பியை வெட்டி வெல்டிங் வைத்து பெயிண்ட் அடிப்பதுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பு களிமண் போல அடிக்கு இணங்கி வருவதை அந்தக் கொட்டகையில்தான் பார்த்தேன்.

ஐயா செய்வது அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து. கடப்பாரைக்கு முனை தட்டிக் கொடுப்பார். கலை என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆனால் நெருப்பின் நிறத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தால் இரும்பு விரிசல் விடும். மஞ்சளில் நன்றாக நீளும். வெள்ளையாகிப் பூப்பூவாகப் பொறி கிளம்பினால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்த மஞ்சள் ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐயாவுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வெயில் பட்டால் நிறம் சரியாகத் தெரியாது என்று உலையை இருட்டு மூலையில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பதம் போடுவதையும் சொல்ல வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார். உடனே ஒரு செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் கண்கொட்டாமல் பார்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப் பக்கம் வரும். முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் விடுவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் வாய் உதிரும், பிந்தினால் மழுங்கும். என் உளிகள் அத்தனையும் இப்படிப் பதம் போட்டவைதான்.

அந்தப் பட்டறையில் சம்மட்டி அடிப்பது ஆயா. ஐயா சின்னச் சுத்தியலால் எந்த இடத்தில் தட்டிக் காட்டுகிறாரோ, அதே இடத்தில், அதே சாய்வில் ஆயாவின் சம்மட்டி விழும். ஐயா தன் சுத்தியலை, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல் மேல் வெறுமனே தட்டினால் நிறுத்து என்று பொருள். இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை இருக்காது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வாசலில் நின்று கேட்ட ஒருவரிடம், "அப்போ இத்தினி வருசமா நான் செய்யறது என்னா?" என்று ஆயா திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை. "தோளால தூக்காத பாப்பா, இடுப்ப குடுத்துத் தூக்கு. எறங்கும்போது அதுவே எறங்கட்டும்" என்று அவர் சொன்னதால்தான் என் தோள்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தக் கொட்டகையின் கூரையை வாரிக்கொண்டு போனதாம். மறுபடி மண் குழைத்து உலை கட்டியது ஆயாவாம். ஆயா, நீங்கள் அன்று அதைக் கட்டாமல் விட்டிருந்தால் எனக்கு வந்து சேர ஓர் இடமே இருந்திருக்காது.

அடுத்து, புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, தன் வீட்டு மாடி முகப்புக் கிராதியைக் கழற்றிப் பார்க்க அனுமதித்த அம்மாவுக்கு. அதில் ஓர் இடத்தில்கூட வெல்டிங் இல்லை. இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் காய்ச்சிய பட்டையைச் சுற்றிப் பிணைத்திருக்கிறார்கள். ஆறும்போது பட்டை சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும். மற்ற இடங்களில் கம்பி முனையைத் துளைக்குள் செருகி, மறுபக்கம் தட்டிப் பரப்பியிருக்கிறார்கள். அதை அச்சு அசலாக வரைந்தெடுக்கும்வரை என் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள் அம்மா. இப்படி ஒரு பாடப்புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அங்கே வேலை பார்த்த மேஸ்திரி அண்ணனுக்கும் நான் கடன்பட்டவள். கல்லில் துளை போட்டு, கம்பியை இறக்கி, சுற்றிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய பழைய முறையைக் காட்டியவர் அவர். இரும்பு துருப்பிடித்தால் ஊதிப் பெருக்கும், பக்கத்தில் இருக்கும் கல்லையே பிளந்துவிடும். கடற்காற்றின் உப்புக்கு நம் ஊரில் எந்த இரும்பும் தப்பாது. "தண்ணி நிக்கிற எடமே வைக்காத" என்றார். இன்று நான் ஓர் இலையை அடித்தாலும் அதன் குழியில் மழைநீர் தேங்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஆரோவில்லுக்கு வந்திருந்த பிரெஞ்சுக் கொல்லருக்கும், பக்கத்திலேயே இருந்து மொழிபெயர்த்த தோழிக்கும் நன்றி. தரையில் சுண்ணக்கட்டியால் வேலையை முழு அளவில் வரைந்துவிட்டு, சூடான கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஒப்பிடும் பழக்கம் அவர் தந்தது. இரண்டு இரும்பை உலையிலேயே ஒட்டவைக்க அவர் ஒரு பொடி தூவினார். பார்த்தால் வெங்காரம் (போராக்ஸ்), ஐயா டப்பாவில் வைத்திருப்பது! அவர் நாட்டில் இளம் கைவினைஞர்கள் ஊர் ஊராகப் போய் வெவ்வேறு ஆசான்களிடம் வேலை பழகும் மரபு இருக்கிறது. யுனெஸ்கோ 2010இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு கலைக் கல்லூரியில் இந்த வேலைக்குப் பட்டப்படிப்பே உண்டு. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும், ஐயாவைப் போன்றவர்கள் அதில் ஆசிரியர்களாக உட்கார வேண்டும் என்பது என் உறுதியான ஆசை.

கடலூர் முதுநகர் பழைய இரும்புக் கடை அண்ணனுக்கு என்ன சொல்வது? கார்பன் மிகக் குறைவான பழைய காலத்து இரும்பான தேனிரும்பை இப்போது யாரும் ஆலையில் காய்ச்சி விற்பதில்லை. இடித்த வீடுகளிலிருந்து வந்தால்தான் உண்டு. ஒடித்துப் பார்த்தால் மரம் போல நார் நாராகப் பிரியும் இரும்பு அது. ஒருமுறை அடையாளம் காட்டினேன். அன்றுமுதல் உருக்காலைக்குப் போகும் லோடிலிருந்து பொறுக்கி எனக்கென்று தனியாக வைக்கிறார். ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்டதில்லை.

கணக்கு வழக்கு அக்கா கையில். கிரில் பட்டறையில் கேட்பது போல "கிலோ என்ன விலை?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கிலோ கணக்கில் பார்த்தால், நாள் முழுக்க அடித்த ஒரு பூவுக்குக் கரிக்காசுகூடத் தேறாது. எடைக்கு விலை சொல்லக் கூடாது, கைவேலை நேரத்துக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அக்கா. பட்டறை பிழைத்திருப்பது அதனால்தான். 2023 செப்டம்பரில் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லர் தொழிலும் ஒன்று என்று கண்டுபிடித்ததும் அக்காதான். பொது சேவை மையத்துத் தங்கை பொறுமையாக விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதல் கட்டக் கடன் என்று அது கைகொடுத்தது.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. மாலை ஆறு மணிக்கு மேல் சுத்தியல் சத்தம் கேட்காது என்ற என் வாக்கு அப்படியே இருக்கிறது.

ஆயுத பூசையன்று எல்லோரும் பட்டறைக்கு வர வேண்டும், மதியச் சாப்பாடு இங்கேதான். அப்புறம் ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடிக்கிறவர்கள், கிராதியையும் கதவுத் தாழ்ப்பாளையும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விலை கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பட்டறைக்காரி