நடமாடும் மண்பாண்டப் பயிற்சி வண்டி: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லையில், வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரையுள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் மண்பாண்டத் தொழிலைக் கற்பிக்கும் வண்டியொன்றை அமைத்து, முதல் சுற்றுப் பயிற்சியையும் நடத்தி முடித்துவிட்டோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு உறுப்பினர்களுக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளதால், இங்கே பணியைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

தொடக்கக் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தோம். குயவர் ஒருவர் சக்கரம் சுற்றிக் காட்ட, பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கலைவதோடு பயிற்சி முடியக் கூடாது. தான் பிசைந்த மண் நெருப்பில் வெந்து கலமாவதை ஒவ்வொரு குழந்தையும் காண வேண்டும். இதனால் வண்டி ஒரு பள்ளிக்கு இரண்டு முறை செல்ல வேண்டியிருக்கிறது. செலவு கூடினாலும் இதை விட்டுக்கொடுக்க இயலாது என்பதே குழுவின் உறுதியான கருத்து.

மண்ணுக்கே நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. இப்பகுதியின் கரிசல் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி வெடிப்பதால் தனியாகப் பாண்டத்துக்கு உதவாது. நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கும் 2008ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் நடப்பில் இருக்க, வயலில் கை வைப்பது முறையன்று. எனவே உரிய அனுமதியுடன் தூர்வாரப்பட்ட குளங்களின் வண்டலைப் பெற்று, ஊறவைத்து, சல்லடையில் வடித்து, மெல்லிய மணல் கலந்து மிதித்துப் பதப்படுத்தினோம். எவ்வளவு மணல் சேர்ப்பது என்பதை விரலிடையே மண்ணைத் தேய்த்துப் பார்த்தே மூத்த குயவர்கள் முடிவு செய்தார்கள். அந்த அறிவைப் பிள்ளைகளின் விரல்களுக்கு மாற்றுவதுதான் பயிற்சியின் முதல் பாடமாயிற்று.

அடுத்த சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் வறண்ட கீழைக்காற்றில் பச்சைக் கலத்தின் விளிம்பு முதலில் உலர்ந்து, அடிப்பாகம் ஈரமாகவே நின்றுவிடும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈரச் சாக்கு மூடி வகுப்பறை மூலையில் மெதுவாகக் காயவைக்கும் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படைத்தோம். அவர்கள் அதைக் கருத்தாகச் செய்ததை ஆசிரியர்கள் பலரும் எடுத்துச் சொன்னார்கள்.

சூளைக்குச் செங்கல்லைத் தவிர்த்தோம். சாலைக் குலுக்கலில் செங்கல் கட்டு தளர்ந்துவிடும் என்பதால், வெப்பம் தாங்கும் இழைப் போர்வை பொதிந்த சிறிய எரிவாயுச் சூளை அமைக்கப்பட்டது. அதை வண்டியிலிருந்து இறக்கி, திறந்த வெளியில் வைத்து மட்டுமே எரிக்கிறோம். ஈரம் முழுதும் வெளியேறும் முன் 100 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கலத்தினுள் நீராவி அடைபட்டு வெடிக்கும். 573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் திடீரெனப் பருமன் மாறுவதால் கலம் விரிசல் விடலாம். இவ்விரு கட்டங்களிலும் சூட்டை மெல்ல ஏற்றி, சுமார் 900 டிகிரியில் நிறுத்தி, மறுநாள் ஆறிய பிறகே திறக்கிறோம். வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் வேலை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுடையது. காய்ந்த மண்ணிலிருந்து எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் வண்டியைப் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறோம். மெருகுப் பூச்சு எதுவும் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் கார்த்திகைக்கு அகலும், ஓணத்துக்கு ஓணத்தப்பன் என்னும் களிமண் உருவும் செய்தார்கள். பொங்கல் பானையைச் சக்கரத்தில் வனைந்து, வாய்திறந்த அடியை மரத்தட்டாலும் கல்லாலும் தட்டி மூடுவதை ஊர்ப் பெண்கள் விரும்பிக் கற்றார்கள். உள்ளூர்க் குயவர்களுக்கு நாளொன்றுக்கு உரிய ஊதியம் கொடுத்து, ஆசிரியர் என்றே அழைத்தோம். இந்த வழக்கம் எந்நாளும் மாறலாகாது. பள்ளி அறிவியல் விழாக்களில் களிமண் உருவப் போட்டி இருப்பதால், அதற்குத் தயாராகும் பள்ளிகளுக்கு அடுத்த சுற்றில் முன்னுரிமை அளிக்கப்படும்.

வண்டியும் கருவிகளும் இன்றுமுதல் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பயிற்சி வேண்டும் பள்ளிகள் தலைமையாசிரியரின் கடிதத்துடன், கலங்களை நிழலில் காயவைப்பதற்கான இடத்தையும் குறிப்பிட்டுச் செயலாளருக்கு எழுதவும்.

இங்ஙனம்,
பணிக் குழுவினர்