எந்த மெஷ், எங்கே தைத்தார்கள்?

ஆசிரியருக்கு,

கருப்பை இறக்கம் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆபரேஷனோடு எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க, 'மெஷ்' என்கிற பிளாஸ்டிக் வலையைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தார்கள். ஒன்றரை வருஷம் நிம்மதி. பிறகு உள்ளாடையில் திட்டுத்திட்டாய் ரத்தக்கறை, நிற்காத வெள்ளைப்படுதல், உட்கார்ந்தால் சுருக்கென்று ஒரு குத்தல். கணவருக்கும் ஏதோ கீறியது. அதைச் சொல்ல எங்கள் இருவருக்குமே நாளாயிற்று. "வயசானா இப்படித்தான்மா" என்று இரண்டு டாக்டர்கள் மாத்திரை எழுதினார்கள். மூன்றாமவர்தான் விரலால் தடவிப் பார்த்து, மெஷ்ஷின் ஓரம் தோலை அரித்துக்கொண்டு வெளியே வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

"எந்த மெஷ், எங்கே தைத்தார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மெஷ் ரிப்பேர்' என்று இரண்டே வார்த்தை. மெஷ் செய்யும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம். பழைய ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை அலைந்து ஆபரேஷன் குறிப்பை வாங்கினேன். அதன் மூலையில் மெஷ் டப்பாவின் ஸ்டிக்கர், பெயரும் பேட்ச் எண்ணுமாக, ஒட்டியிருந்தது. அதை அன்றே என் கையில் கொடுத்திருக்கலாமே!

"மொத்தத்தையும் உருவிப் போடுங்கள்" என்றேன். அது அவ்வளவு லேசில்லை. வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பின்னிக்கொள்கிறது. பக்கத்திலேயே மூத்திரப்பை, மலக்குடல். முழுதாக எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட ஆபரேஷன் ஆகலாம், எடுத்தும் வலி போகாமலிருக்கலாம், இறக்கம் திரும்பவும் வரலாம். மூத்திரப்பைக்குள் துளைத்துவிட்டவர்கள், வலி தாங்காதவர்கள் கதை வேறு. அவர்கள் இதில் கைதேர்ந்தவரிடம்தான் போக வேண்டும். எனக்கு வெளியே தெரிந்தது சிறிய துண்டு என்பதால் முதலில், தோல் வளர்ந்து மூட ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் க்ரீம் தந்தார்கள். மூன்று மாதமாகியும் தோல் மூடவில்லை. அப்புறம் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தைத்தார்கள்.

அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று 2011-லேயே சொல்லிவிட்டது. 2019 ஏப்ரலில், இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் மெஷ்ஷின் விற்பனையையே அங்கே நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியே வைப்பதற்கு அந்தத் தடை இல்லை. கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தீர்கள், அதைத் திருத்திப் போடுங்கள். கூடவே, ஆபரேஷன் குறிப்பையும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கும்படி இரண்டு வரி சேர்த்தால் நல்லது.

எனக்குக் குத்தல் நின்றுவிட்டது. அடக்க முடியாத மூத்திர அவசரம் மட்டும் இன்னும் இருக்கிறது; இடுப்புத் தசைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி